கோடு நேராகத்தான் இருந்தது

என் அக்காவைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பதினாலு என்பார்கள். அவள் இடுப்பில் எப்போதும் ஒரு பதினாலாம் நம்பர் ஸ்பேனர் செருகியிருக்கும். மோட்டார் சைக்கிளில் கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட்டின் போல்ட்டுக்கு அந்த அளவுதான் சேரும். கைப்பிடியில் ஒரு சாண் இரும்புக் குழாயைப் பற்றவைத்து அதை நீளமாக்கி வைத்திருந்தாள். நீளம் கூடினால் முறுக்கும் கூடும் என்பாள். அந்த நீளம் வேறு எதற்கெல்லாம் உதவியது என்பது தெருவுக்கே தெரியும்.

அவள் முதலில் அடித்தது அப்பாவை. அப்போது எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினைந்து. அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா லேத்துப் பட்டறையில் வேலை பார்த்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதை வைத்தே இன்றைக்கு அடி உண்டா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒரு செருப்பு சுவரில் போய் மோதினால் உண்டு. அன்றைக்கு இரண்டும் மோதின. நான் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். நோட்டு அவர் நடக்கும் வழியில் கிடந்தது. அவ்வளவுதான் என் குற்றம். என் பின்மண்டையைப் பிடித்துச் சுவரில் இடித்தார். மூன்றாவது இடிக்கு முன்னால் அக்கா வந்துவிட்டாள். பழுது பார்க்க அவர் கொண்டுவந்திருந்த ஒரு கிக்கர் கதவோரம் கிடந்தது. காலால் உதைத்து வண்டியைக் கிளப்புகிற அந்தக் கம்பியை எடுத்து அவர் வாயில் அடித்தாள். இரண்டு பற்கள் தரையில் விழுந்தன. அப்பா குனிந்து அவற்றைப் பொறுக்கிக் கையில் வைத்துப் பார்த்தார்.

"நீ பொம்பளையாடி?" என்று கேட்டார். வார்த்தையோடு ரத்தமும் வந்தது.

"உங்க பொண்ணு," என்றாள் அக்கா.

மறுநாள் காலையில் இரண்டு பைகளோடு கிளம்பினோம். என் படிப்பு அந்த நோட்டோடு முடிந்தது. பள்ளிக்கூடம் போக ஆசையா என்று அக்கா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்குப் பேச்சு எப்போதும் தொண்டைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும்.

ஒரு மெக்கானிக் கடையில் வண்டி கழுவச் சேர்ந்தவள் ஒரே வருடத்தில் என்ஜினைப் பிரிக்கக் கற்றுக்கொண்டாள். யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தால் விரட்டுவார்கள், விரட்டினால் இரண்டடி தள்ளி நின்று பார்ப்பாள். அங்கே ஆறு வருடம் தாக்குப்பிடித்தாள். ஒருநாள் அவள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தபோது முதலாளி அவள் இடுப்பில் கை வைத்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையிலிருந்த சுத்தியலை அவர் கால் கட்டைவிரல் மேல் இறக்கினாள். பிறகு நிதானமாக, "கை தவறிருச்சு முதலாளி. உங்களுக்கும் கை தவறிருச்சுல்ல, சரியாப் போச்சு," என்றாளாம். அந்த வட்டாரத்தில் அதற்குப் பிறகு யாரும் அவளுக்கு வேலை தரவில்லை. அதனால்தான் சொந்தக் கடை.

கடை என்றால் ஆறு எட்டு எடுத்து வைக்கிற அகலம், ஒரு ஷட்டர், பின்னால் நாங்கள் படுக்க ஓர் அறை. வண்டி வாங்கியவர்கள் ஆசைக்கு மாட்டிக்கொள்ளும் வெளிச் சாமான்களை விற்று மாட்டிக் கொடுப்போம். கண்ணாடி, கைப்பிடி, விளக்கு. அதிகம் போவது ஃபுட்ரெஸ்ட்தான். கம்பெனி தருவது ஒல்லியாக இருக்கும். அகலமாக, பல் வைத்து, ஷூவைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி வேண்டும் என்று வருவார்கள்.

கம்பெனி ஃபுட்ரெஸ்ட் அந்த வண்டிக்கென்றே செய்தது. வெளியே வாங்குவதை எல்லா வண்டிக்கும் பொதுவாகச் செய்கிறார்கள். ஓட்டையில் ஒரு மயிரிழை இடம் விட்டிருக்கும். என்ஜின் நாள் முழுக்க உதறுகிற உதறலில் அந்த மயிரிழை போதும், போல்ட் கழன்று வர. மற்ற கடைகளில் நன்றாக முறுக்கிவிட்டு அனுப்பிவிடுவார்கள். அக்கா அப்படி இல்லை. பழைய போல்ட்டாக இருந்தால் அதன் திருகு மரையில் எண்ணெய் இருக்கும், அதைப் பெட்ரோலில் கழுவிக் காயவைப்பாள். போல்ட் திரும்பாமல் பிடித்துக்கொள்ள மரையில் நீலப் பசை ஒரு சொட்டு விடுவாள். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு ஒருமுறை கழற்றினால் செத்தது என்று தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போடுவாள். வாஷர் உட்காரும் இடத்தில் பெயிண்ட் இருந்தால் வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டுவாள். இரும்பும் இரும்பும் கடித்தால்தான் பிடி, நடுவில் வேறு எது இருந்தாலும் அது நசுங்கும், நசுங்கினால் பிடி போய்விடும் என்பாள். எல்லாம் முடித்து முறுக்கியபின் என்னைப் பார்த்து, "கோடு," என்பாள்.

என் வேலை அதுதான். மஞ்சள் நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்து, போல்ட்டின் தலையில் தொடங்கி, வாஷரைத் தாண்டி, ஃபுட்ரெஸ்ட்டைத் தாங்கும் பிளேட்வரை ஒரே இழுப்பில் ஒரு கோடு. போல்ட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு இரண்டாக உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். அக்காவின் கையில் எப்போதும் கோபத்தின் நடுக்கம் ஒன்று இருக்கும். என் கை நடுங்காது.

வண்டியைக் கொடுக்கும்போது எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்வாள். "நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டுத் திரும்ப வா. கோட்டைப் பாக்கணும், கையால ஆட்டிப் பாக்கணும். கோடு உடைஞ்சிருந்தா போல்ட் திரும்பிருச்சுன்னு அர்த்தம், மறுபடி முறுக்கித் தரேன். கோடு நேரா இருந்தும் ஆட்டம் இருந்துச்சுன்னா அது என் தப்பு. இந்த ஸ்பேனரை எடுத்து என்னையே அடி."

எல்லோரும் சிரிப்பார்கள். பதினாலை யார் அடிப்பது. எட்டு வருடத்தில் கோடு நேராக இருந்து ஃபுட்ரெஸ்ட் ஆடியதே இல்லை. அதனால் ஆட்டிப் பார்ப்பது மெல்ல நின்றுபோனது. வருகிறவர்கள் குனிந்து கோட்டைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். நானும் கோட்டைத்தான் பார்த்தேன்.

லாரிக்காரர் தன் தங்கையோடு வந்தது ஒரு பிற்பகலில். லாரி ஓட்டுகிறவர், கழுத்து தடித்த ஆள். எதிரே வந்த பஸ் டிரைவரை இறக்கி அடித்தார் என்று ஒரு கதை அவரைப் பற்றி உண்டு. தங்கை வீடுவீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற பெண். தெருவில் பார்சல் என்றே பெயர். இவர்களுக்கும் தாய் தகப்பன் துணை இல்லை. அவர் தங்கையிடம் பேசியதைக் கவனித்தேன். திட்டாமல் ஒரு வாக்கியம் வரவில்லை. அக்கா என்னிடம் பேசுவதும் அப்படித்தான்.

ஃபுட்ரெஸ்ட் மாட்டுகிற பிளேட்டுகள் இரண்டையும் அவர் கழற்றி, ரத்தச் சிவப்பில் பெயிண்ட் அடித்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"ஒரு கீறல் விழக்கூடாது. மூணு கோட்டிங். நானே அடிச்சேன்."

"லாரிக்கு அடிச்ச மிச்சமா?" என்றாள் அக்கா.

"லாரிக்கு இதவிட மட்டம். இது தங்கச்சிக்கு."

"வாஷர் உக்கார்ற இடத்துல சுரண்டணும்."

"மூணு கடையில இதையேதான் சொன்னாங்க. சுரண்டாம மாட்ட அவங்களுக்குத் தெரியல. பதினாலுக்குத் தெரியும்னு ஒருத்தன் சொன்னான், அதான் வந்தேன். உங்களுக்கும் தெரியாதுன்னா சொல்லிருங்க, நான் கிளம்புறேன்."

"சுரண்டட்டும்ணே," என்றாள் பார்சல். "எப்படியும் நான் ஷூவோட மிதிக்கப்போற எடம்தானே."

"நீ வாய மூடு. மூணு நாளா உக்காந்து அடிச்சிருக்கேன்."

அக்கா அந்த பிளேட்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதைச் சொன்னால் அவள் தலையில் ஏறும் என்று தெரியாமலே அந்த ஆள் சொல்லிவிட்டிருந்தார். உனக்குத் தெரியாதா என்று கேட்டால் அவளுக்கு வேறு எதுவும் காதில் விழாது.

"பெரிய வாஷரா எடு," என்றாள் என்னிடம்.

கழுவினாள், பசை விட்டாள், முறுக்கினாள். கடைசி முறுக்கில் வாஷரைச் சுற்றிச் சிவப்புப் பெயிண்ட் உதடுபோலப் பிதுங்கியது. நான் அதைப் பார்த்தேன். மேலே காய்ந்து உள்ளே காயாத பெயிண்ட்தான் அப்படிப் பிதுங்கும். சொல்லியிருக்க வேண்டும். மூன்று நாளைக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளர் எதிரில் அவள் தப்பான நட்டை எடுத்தாள் என்று சொன்னதற்கு ஒரு டப்பா நட்டு என் நெற்றிக்குப் பறந்து வந்திருந்தது. புருவத்தின் மேல் தையல் இன்னும் பிரிக்கவில்லை. அக்கா, "கோடு," என்றாள். பிதுங்கிய சிவப்பின் மேலேயே கோடு போட்டேன்.

எட்டாவது நாள் பார்சல் வந்தாள். அக்கா கடையில் இல்லை. மட்டமான இரும்புப் பின்களை அனுப்பிய மொத்த வியாபாரியின் சட்டையைப் பிடிக்கப் போயிருந்தாள். பார்சல் என்ஜினை நிறுத்தவில்லை. டேங்க்கின் மேல் ஒரு பெட்டி இருந்தது, அதை ஒரு கையால் அணைத்துக்கொண்டிருந்தாள்.

"நூறு ஓட்டியாச்சு. கொஞ்சம் பாத்துச் சொல்லு, இன்னும் மூணு வீடு பாக்கி."

குனிந்து பார்த்தேன். கோடு நேராக இருந்தது. தலையாட்டினேன்.

"ஊமைச்சி ஓகே சொல்லியாச்சு," என்று சிரித்துக்கொண்டு போனாள். நான் ஃபுட்ரெஸ்ட்டில் கை வைக்கவே இல்லை.

அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து, காலையில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் லாரிக்காரர் வந்தார். சட்டை முழுக்க ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அது அவருடைய ரத்தம் இல்லை. அக்கா பின்னறையில் கை கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் நான்தான் நின்றேன், கையில் நெயில் பாலிஷ் பாட்டிலோடு.

முதல் உதையில் கண்ணாடி அலமாரி சாய்ந்தது. இரண்டாவதில் ஹெல்மெட்டுகள் தெருவரை உருண்டன. "கோடு போட்டவ நீதானேடி," என்று என் முடியைச் சுருட்டிப் பிடித்து முகத்தைக் கவுண்ட்டரில் அறைந்தார். உதடு பிளந்தது. பாட்டில் உடைந்து உள்ளங்கையில் ஏறியது. "என் தங்கச்சி கால் போச்சுடி. வேகத்தடையில எந்திரிச்சு நின்னிருக்கா. ஃபுட்ரெஸ்ட் அப்படியே தொங்கிருச்சு. கால் கீழ, வண்டி மேல. எலும்பு வெளிய தெரியுதுடி." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு முறை அறைந்தார். மூன்றாவது அறையில் எனக்கு அப்பாவின் வீட்டுச் சுவர்தான் நினைவுக்கு வந்தது.

அக்கா வந்த சத்தம் கேட்கவில்லை. என் முடியைப் பிடித்திருந்த அவருடைய வலது மணிக்கட்டில் ஸ்பேனர் இறங்கிய சத்தம் கேட்டது. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து முறிப்பதுபோல. பிடி விட்டது. அவர் கையைப் பார்த்தார், அது வேறு பக்கம் திரும்பியிருந்தது. அக்கா அத்தோடு விடவில்லை. முழங்காலில் ஒன்று, விழுந்தபின் விலாவில் ஒன்று.

"என் வேலை லூஸா? வண்டியக் கொண்டு வா. கோட்டைக் காட்டு."

பஞ்சர் கடைக்காரரும் டீக்கடைக்காரரும் இன்னும் நாலு பேரும் அதற்குள் ஓடி வந்தார்கள். விலக்கிவிட வருகிறார்கள் என்று நினைத்தேன். பொம்பளப் பிள்ளைய அடிச்சியாடா என்று அவர்களும் உதைக்கத் தொடங்கினார்கள். ஒரு மனிதனை ஆறு பேர் உதைக்கும்போது அவன் உருண்டுகூடப் போக முடியாது, நாலா பக்கமும் கால்கள். அவர் அடி வாங்கும்போது ஒரு சத்தமும் போடவில்லை. தங்கச்சி, தங்கச்சி என்று வாய்க்குள் முனகியது எனக்கு மட்டும் கேட்டது, ஏனென்றால் நானும் தரையில்தான் கிடந்தேன்.

அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தெருவுக்கு அது போதவில்லை. பஞ்சர் கடைக்காரர் ஒரு குட்டி லாரி பிடித்து, பார்சல் விழுந்த இடத்திலிருந்து வண்டியையும் எடுத்து வந்துவிட்டார். கைப்பிடி வளைந்து, விளக்கு நொறுங்கி, பிரேக் மிதியில் ஒரு துண்டு சாக்ஸ் ஒட்டியிருந்தது. எல்லோரும் வலது பக்கம் குனிந்தார்கள்.

"கோடு நேரா இருக்குய்யா," என்றார் டீக்கடைக்காரர்.

"நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. போல்ட் திரும்பவே இல்ல," என்றார் பஞ்சர் கடைக்காரர். "ஓட்டத் தெரியாம விழுந்துட்டு நம்ம கடையில வந்து ஆட்டம் போட்டிருக்கான்."

"பதினாலுன்னா பதினாலுதான்."

எல்லோருக்கும் டீ வந்தது. அக்கா சட்டைக் கையில் ரத்தத்தோடு சிரித்தாள். என் உதட்டைத் தூக்கிப் பார்த்து, "பல்லு இருக்குல்ல, அது போதும்," என்றாள். பிறகு டீ தம்ளரைக் கீழே வைக்கக் குனிந்தவள், வைத்த கையாலேயே ஃபுட்ரெஸ்ட்டைப் பிடித்து ஆட்டினாள்.

டொக் என்றது.

இன்னொரு முறை ஆட்டினாள். டொக்.

"விழுந்த அடியில ஆடத்தான் செய்யும்," என்றார் பஞ்சர் கடைக்காரர்.

எல்லோரும் போனபின் அக்கா ஷட்டரைப் பாதி இறக்கினாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு சவர பிளேடை எடுத்து வாஷருக்கும் பிளேட்டுக்கும் நடுவில் நுழைத்தாள். அது தடையில்லாமல் உள்ளே போனது. பசை போல்ட்டைத் திரும்பவிடாமல் கெட்டியாகப் பிடித்திருந்தது. ஆனால் போல்ட் எதையும் அழுத்திக்கொண்டிருக்கவில்லை. நடுவில் இருந்த பெயிண்ட் நசுங்கி, கசிந்து, உதிர்ந்து போயிருந்தது. வாஷரின் ஓரத்தில் கோடு மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது. மற்றபடி அது நேராகத்தான் இருந்தது.

"இது நான் செஞ்சது," என்றாள்.

அப்போது நான் பேசினேன். பெயிண்ட் பிதுங்கியதைப் பார்த்தேன் என்று சொன்னேன். எட்டாம் நாள் பார்சல் வந்ததையும், நான் கோட்டை மட்டும் பார்த்துத் தலையாட்டியதையும் சொன்னேன். பிளந்த உதட்டோடு பாதி வார்த்தை காற்றாகப் போனது. அக்கா முழுதும் கேட்டாள். பிறகு என்னை அறைந்தாள். அப்பாவிடம் வாங்கியதைவிடக் கனமான அறை அது. சாய்ந்த அலமாரியில் போய் விழுந்தேன்.

"வாய் இருந்துச்சுல்ல உனக்கு?"

அலமாரியைப் பிடித்து எழப் பார்த்தேன்.

"நீ சொல்லியிருந்தாலும் அன்னைக்கு நான் கேட்டிருக்க மாட்டேன்," என்றாள். கை நீட்டி என்னைத் தூக்கிவிட்டாள். "முகத்தக் கழுவு. ஆஸ்பத்திரி போறோம்."

"போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துருவாங்க."

"குடுக்கட்டும். கைய ஒடிச்சிருக்கேன்டி. அவன் சொன்னது நெசம்."

ஸ்பேனரைக் கழுவித் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. எட்டு வருடமாக ஆயிரம் பேரிடம் சொன்ன ஒரு சொல் இருக்கிறது. அது வெறும் வாய்ப்பேச்சாகிவிட்டால் அவளுக்கு வேறு சொத்து எதுவும் இல்லை.

பார்வையாளர் நேரம். வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். கடைசிக் கட்டிலில் பார்சல் படுத்திருந்தாள். வலது காலை முழங்கால்வரை கட்டிக் கம்பியில் தூக்கி வைத்திருந்தார்கள். கால் விரல்கள் மட்டும் வெளியே தெரிந்தன, ஊதாவாக. பக்கத்து ஸ்டூலில் லாரிக்காரர், கையில் ஈரம் காயாத மாவுக்கட்டு, ஒரு கண் மூடியிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழ முயன்று விலாவைப் பிடித்துக்கொண்டார்.

"மிச்சத்தையும் ஒடைக்க வந்தியா?"

அக்கா ஸ்பேனரை எடுத்தாள். பக்கத்துக் கட்டில்காரி போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அக்கா அதைக் கைப்பிடி அவர் பக்கம் இருக்கும்படி கட்டிலின் ஓரத்தில் வைத்தாள்.

"கோடு நேரா இருக்கு. ஃபுட்ரெஸ்ட் ஆடுது. அப்படி இருந்தா என் தப்புன்னு உங்க கிட்டயும் சொன்னேன். பெயிண்ட்டச் சுரண்டாம மாட்டினேன். நீங்க கேட்டீங்கன்னு மாட்டல, எனக்குத் தெரியாதான்னு காட்டுறதுக்காக மாட்டினேன்."

அவர் ஸ்பேனரைப் பார்த்தார். பிறகு தங்கையின் காலைப் பார்த்தார். மூன்று கோட்டிங் அடித்த கை மாவுக்கட்டுக்குள் இருந்தது. பெயிண்ட் என்ற வார்த்தை அவர் முகத்தில் போய் உட்கார்வதைப் பார்த்தேன்.

நான் வாய் திறந்தேன். எட்டாம் நாளைப் பற்றிச் சொல்லத்தான் திறந்தேன். அக்கா தன் ஷூவால் என் பாதத்தை மிதித்தாள், எலும்பு நோகிற மிதி. வாய் மூடிக்கொண்டது. கட்டிலிலிருந்து பார்சல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, வேணாம்," என்றாள் அவள்.

அவர் இடது கையால் எடுத்தார். இடது கைக்குக் குறி தெரியாது. தலைக்கு வந்தது தோளில் இறங்கியது. அக்கா கையைத் தூக்கவில்லை, கண்ணைக்கூட மூடவில்லை. தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம், காலையில் கேட்ட அதே சத்தம். முட்டிபோட்டு உட்கார்ந்தாள். அவர் மறுபடி ஓங்கினார். "அண்ணே," என்று பார்சல் அலறியதில் தூக்கிய கால் கம்பியோடு ஆடியது. வலியில் அவள் கத்திய கத்தலில் அவர் கை நின்றுவிட்டது. ஸ்பேனர் தரையில் விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது. நர்ஸ் ஓடி வந்தாள்.

"என்ன நடந்துச்சு இங்க?"

"விழுந்துட்டேன்," என்றாள் அக்கா தரையிலிருந்து.

"எதுல விழுந்தீங்க?"

"ஸ்பேனர்ல."

எலும்பு கட்டிய டாக்டரிடமும் அதையே சொன்னாள். அவர் மாவுக்கட்டோடு நின்ற லாரிக்காரரைப் பார்த்து, "நீங்க?" என்றார்.

"நானும் அதே ஸ்பேனர்லதான்," என்றார் அவர்.

போலீஸ் வரவில்லை. அதற்காக அவர்கள் கூடிப் பேசிக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். லாரிக்காரர் அதற்குப் பிறகு எங்கள் தெருவில் கால் வைக்கவில்லை. எதிரே வந்தால் துப்பிவிட்டுப் போவார். அவர் மணிக்கட்டு முழுதும் திரும்பவில்லை. ஸ்டியரிங்கை அரைமணி நேரம் பிடித்தால் கை மரத்துப்போகிறதாம். இப்போது லாரி ஷெட்டில் கேட் திறந்து மூடுகிறார். அக்காவின் தோள் ஒரு பக்கம் இறங்கி, கூடிய எலும்பு தோலுக்கு அடியில் முடிச்சுபோலத் துருத்திக்கொண்டிருக்கிறது. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. கடைசி முறுக்கை இப்போது நான்தான் முறுக்குகிறேன். அவள் ஃபுட்ரெஸ்ட்டில் கை வைத்துக்கொண்டு, போதும் போதாது என்று சொல்வாள். கோபம் மட்டும் குறையவில்லை. இடது கையால் டப்பா எறியப் பழகிவிட்டாள்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் பார்சல் வந்தாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்து நடந்து வந்தாள். கணுக்கால் மடங்கவில்லை. கைப்பிடியும் விளக்கும் புதிது. பிளேட் அதே சிவப்பு, வலது பக்கம் ஃபுட்ரெஸ்ட் இல்லாமல் காலியாக இருந்தது.

"மாட்டணும்," என்றாள்.

அக்கா நிமிரவில்லை. "வேற கடைக்குப் போ."

"போய்ப் பாத்தேன். எல்லாரும் நல்லாத்தான் மாட்டுவோம்னு சொல்றாங்க. தப்புன்னா அடி வாங்கிக்குவோம்னு எவனும் சொல்லல."

"உங்கண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா எனக்கு இந்தக் காலும் போகும்."

அக்கா சிரித்தாள். அவள் சிரித்து மாதங்கள் ஆகியிருந்தன. சுரண்டுகிற உளியை என்னிடம் நீட்டினாள். நான் பிளேட்டின் சிவப்பைச் சுரண்டினேன். மூன்று கோட்டிங்கும் சுருள் சுருளாக வந்தது. வெள்ளை இரும்பு தெரிகிற வரைக்கும் பார்சல் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் அடித்த பெயிண்ட் என்று ஒரு சுருளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். கழுவி, பசை விட்டு, புது நட்டு போட்டு முறுக்கினேன். இடது பக்கத்தையும் கழற்றி அப்படியே செய்தேன். அக்கா போதும் என்றாள். கோடு போட்டேன்.

தள்ளிக்கொண்டு கிளம்புவாள் என்று நினைத்தேன். அக்கா உள்ளே போகட்டும் என்று அவள் காத்திருந்தாள். பிறகு என் பக்கம் குனிந்தாள்.

"நீ கை வைக்காமலே தலையாட்டினத அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் அண்ணன்கிட்ட சொல்லல. ஏன் சொல்லலன்னு எனக்கே தெரியல. சொல்லியிருந்தா உன்னைக் கொன்னிருப்பான்." அவள் குரலில் இரக்கம் எதுவும் இல்லை. "இப்ப கை வச்சுப் பாரு."

வைத்தேன். இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். ஆடவில்லை.

"ஏறி நில்லு."

ஏறி, ஒரு காலில் என் கனம் முழுவதையும் வைத்து, அவள் போதும் என்று சொல்கிறவரை மிதித்தேன். அவள் சீக்கிரம் சொல்லவில்லை.